மார்கழியில் கையளிக்கும் கட்டடத்தைச் சித்திரையில் அளந்து பாருங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டச் செயலாளர்களுக்கும், அரச கட்டடங்களுக்குப் பொறுப்பான பொறியியலாளர்களுக்கும், கல்வி, சுகாதாரப் பணிமனைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கிய காசு திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் வன்னியில் பல கட்டடங்கள் கார்த்திகையிலும் மார்கழியிலுமே கையளிக்கப்படுகின்றன. அது மாரிகாலம். வாடைக்காற்று வீசும், கூரை குளிர்ந்து கிடக்கும், கிணறு நிரம்பி நிற்கும். அந்த நாளில் எந்த ஏசியும் குளிரும், எந்தப் பம்பும் தண்ணீர் இறைக்கும். சுவிச்சைப் போட்டுப் பார்த்துவிட்டுப் படிவத்தில் சரி அடையாளம் இட்டுச் சாவியை வாங்கிவிடுகிறார்கள். பிழை வெளியே வருவது சித்திரை வெயிலில்தான். அதற்குள் ஒப்பந்தகாரர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

கொமிஷனிங் என்பது இந்தச் சுவிச்சுப் பரீட்சை அல்ல. ஒவ்வொரு இயந்திரமும் வரைபடத்தில் எழுதிய அளவுக்கு வேலை செய்கிறதா, அதற்கு எவ்வளவு மின் எடுக்கிறது என்று அளந்து, எண்ணாக எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பதுதான் கொமிஷனிங். அமெரிக்காவின் லோரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுகூடம் 2009இல், கொமிஷனிங் செய்த 643 கட்டடங்களின் விவரங்களைத் தொகுத்தது. பழைய கட்டடங்களில் சக்திச் சேமிப்பின் நடு மதிப்பு 16 சதவீதம், போட்ட காசு 1.1 வருடத்தில் மீண்டது. புதியவற்றில் 13 சதவீதம், 4.2 வருடம். அந்த நாட்டுக் கட்டடங்கள் வேறு, காலநிலை வேறு, ஆகவே அதே எண்ணை மாங்குளத்தில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் நல்ல பொருளை வாங்கிப் பிழையாகப் பூட்டுவது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

ஏசியை எடுத்துக்கொள்வோம். செப்புக் குழாயைப் பூட்டிய பின் நைதரசனை அழுத்தி அடைத்து ஒரு நாள் விட்டு, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வக்கியூம் பம்பால் 500 மைக்ரோனுக்கு (வெற்றிட அழுத்தத்தின் அலகு) கீழே இறக்கி, பம்பை மூடி, அந்த அளவு மீண்டும் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பதிலாக வால்வைக் கொஞ்சம் திறந்து, உள்ளே இருக்கும் காற்றைக் குளிரூட்டும் வாயுவாலேயே (கேஸ்) ஊதித் தள்ளிவிடுவது பலருக்குக் கைவந்த குறுக்குவழி. குழாய்க்குள் மிஞ்சும் காற்று அழுத்தத்தைக் கூட்டுகிறது, ஈரப்பதன் எண்ணெயைக் கெடுக்கிறது. ஏசி ஓடும், குளிரும், ஆனால் கூடுதலாக மின் குடித்து ஆயுளுக்கு முன்பே கொம்பிரசர் போய்விடும். ஏசியில் போடும் ஆர்-32 என்ற கேஸ் எரியக்கூடியது என்பதால் இந்தக் குறுக்குவழி ஆபத்தும்கூட.

பூட்டிய பின் அளப்பதற்கு வயரைக் கவ்வி அம்பியரை அளக்கும் ஒரு கிளாம்ப் மீற்றரும் இரண்டு வெப்பமானிகளும் போதும். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் ஏசியானால் 16 பாகையில் வைத்து, முழு வேகத்தில் 15 நிமிடம் ஓட விட்டபின் அளவெடுங்கள். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் இடையே 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். வித்தியாசமும் குறைந்து அம்பியரும் குறைந்திருந்தால் பெரும்பாலும் கேஸ் போதாது. அம்பியர் இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் உள்ளதைவிடக் கூடியிருந்தால் வெளி யூனிட்டைப் பாருங்கள். மேற்குச் சுவரில் அலங்காரக் கிறிலுக்குள் அடைத்தோ, ஒடுங்கிய இடைவெளியில் இரண்டை நேருக்கு நேர் வைத்தோ இருப்பார்கள். அப்போது யூனிட் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். யூனிட்டின் முதுகில் நுழையும் காற்று, வெளி நிழலில் உள்ள காற்றைவிட 3 பாகைக்கு மேல் சூடாயிருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைத் தின்னும், ஏ-9 வீதி ஓரத்தில் புழுதி அடைக்கும். பராமரிப்பு அட்டவணை இரண்டு இடத்துக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

ஏசிக்கு முன்பே பார்க்க வேண்டியது கூரை. கிளிநொச்சி 9.4 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். சுவரைவிடக் கூரையே சூட்டை வாங்குகிறது. தகட்டுக் கூரையின் கீழ் விரிக்கும் பளபளப்புத் தாளின் மினுங்கும் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அதன் முன்னே 25 மில்லிமீற்றராவது காற்றிடைவெளி வேண்டும். சீலிங்கோடு ஒட்டிவிட்டால் அது வெறும் தாள். மினுங்கும் பக்கத்தை மேலே வைத்தால் புழுதி படிந்து கொஞ்ச நாளில் பயனிழக்கும். சீலிங் பூட்டிய பிறகு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே சீலிங் அடிக்கும் முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஏறிப் பார்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும்.

பம்பைச் சோதிக்க ஓகஸ்ட், செப்டெம்பர்தான் சரியான காலம். நிலத்தில் வைத்த பம்பு ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழிருந்து நீரை இழுக்காது. மாரியில் 3 மீற்றரில் நின்ற தண்ணீர் கோடையில் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பம்பைத் தெரிவு செய்ய வேண்டும். நீர்மட்டத்திலிருந்து தாங்கி வாய் வரை 15 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 1,000 லீற்றரை அவ்வளவு உயர்த்தக் கணக்குப்படி 0.04 யூனிட் மின் போதும். பம்பின் இழப்பையும் குழாய் உராய்வையும் சேர்த்தால் 0.15 வரை போகலாம். 0.25ஐத் தாண்டினால் புட்வால்வ் (உறிஞ்சு குழாயின் அடியில் நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு) ஒழுகுகிறது, அல்லது குழாய் ஒடுங்கியது, அல்லது பம்பு பொருத்தமில்லாதது. மிதவைச் சுவிச்சையும் கையால் தூக்கிப் பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் தாங்கி வழிந்து தண்ணீரும் மின்னும் சேர்ந்தே போகும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கு ஒரு செலவும் இல்லாத முதல் சோதனை உண்டு. மாலை 8 மணிக்கும் காலை 6 மணிக்கும் காவலாளி மின்மானியை வாசித்து எழுதட்டும். ஆளில்லாத அந்தப் பத்து மணித்தியாலத்தில் 30 யூனிட் ஓடியிருந்தால் ஏதோ ஒன்று 3 கிலோவாற்றை ஓயாமல் எடுக்கிறது. வருடத்துக்கு அது 10,950 யூனிட். அடுத்த இரவு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினால் ஆளைப் பிடித்துவிடலாம்: ஒழுகும் கழிவறைத் தாங்கியால் விடிய விடிய எழும்பும் பம்பு, நிறுத்த மறந்த ஏசி, வெறுமனே குளிரும் தண்ணீர் இயந்திரம். மருத்துவமனையில் மருந்துக் குளிர்சாதனப் பெட்டிகளின் பிரேக்கரைத் தொடக் கூடாது, அதற்கு முன்கூட்டியே அடையாளம் இடுங்கள்.

மொத்த இணைப்புள்ள பெரிய கட்டடங்களில் யூனிட்டோடு அதிகபட்சக் கேவிஏக்கும் (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமை) கட்டணம் உண்டு. அந்தச் சுமையைக் குறைக்கும் கப்பாசிற்றர் தொகுதி பழுதானாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், பட்டியல் மட்டும் ஏறும். பவர் பக்டரை (இழுக்கும் மின்சுமையில் உண்மையாகப் பயன்படும் பங்கு) மாதம் ஒரு முறை குறித்து வைத்தால் போதும்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. ஒப்பந்தகாரரிடமிருந்து பிடித்துவைக்கும் பணத்தில் பாதி கையளிக்கும்போதும் மீதி பிழைதிருத்தக் காலத்தின் முடிவிலும் விடுவிக்கப்படுவது வழமை. மீதிப் பாதியை வெயில்காலச் சோதனை அறிக்கையோடு கட்டுங்கள். அதைக் கேள்விப்பத்திரத்திலேயே (டெண்டர்) எழுதிவிட வேண்டும், பிறகு கேட்டால் தகராறுதான். வேலைகளையும் விலைகளையும் வரிசையிடும் அளவுப்பட்டியலில் 'பரீட்சித்து ஒப்படைத்தல்' தனி உருப்படியாக, தனி விலையோடு நிற்கட்டும். 'எல்லாம் அடங்கலாக' என்று எழுதினால் முதலில் வெட்டப்படுவது அதுதான். சோதனையைச் செய்பவர் பூட்டியவராக இருக்கக் கூடாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அளவெடுக்கும் வேலைக்கு அவர்களை அழையுங்கள்.

அடுத்த வருட வேலைகளின் கேள்விப்பத்திரங்கள் அச்சுக்குப் போகும் முன் இந்த உருப்படியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மின்மானி வாசிப்பை இந்த வெள்ளிக்கிழமை இரவே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வன்னியில் கட்டட மின், குளிரூட்டல், நீர்வழங்கல் வேலை செய்வோர்