பயிருக்கு நடுவே வழிவிட்டவர்களுக்கு

மே மாதத்து இரண்டாம் புதன்கிழமை, இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட்ஸ் வட்டாரத்தில், போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் தொடங்கி லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர் ஊர்களைச் சுற்றிக்கொண்டு மீண்டும் போர்ட்டனுக்கே வந்து சேரும் பாதையில், அரக்குச் சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்த ஒரு தமிழ் அம்மாவுக்கும் அவர் மகளுக்கும் உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

இதையே ஆங்கிலத்தில் எழுதி போர்ட்டன் கிராமத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். தமிழிலும் எழுத வேண்டும் என்றது அம்மா. "நம்மவர்களும் தெரிந்துகொள்ளட்டும்" என்றார். அதனால் உங்களால் படிக்க முடியாத மொழியில் இந்த மடல் வருகிறது. பொறுத்தருள வேண்டும்.

அம்மா மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டிசம்பரில் செல்டன்ஹாமுக்கு என்னிடம் வந்தார். மாலை நான்கு மணிக்கே இருட்டும் ஊர், படிக்கட்டில் உறைபனி, போதாததற்கு அவருடைய முழங்கால் வலி. மூன்றாம் மாடி ஜன்னலே அவருக்கு ஐந்து மாதம் உலகமாக இருந்தது. ஏப்ரலில் ஒருநாள், "இந்த ஊரில் மண்ணைக் காலால் தொடவே முடியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை அந்தப் புதன்கிழமை பஸ்ஸில் ஏற்றியது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த ஓட்டுநருக்கு முதல் நன்றி.

லோயர் ஸ்லாட்டரில் ஐ என்ற சிற்றாறு தெருவோடு சேர்ந்தே ஓடுகிறது. கணுக்கால் அளவுத் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். குறுக்கே பாலமாகக் கற்பலகைகளைப் போட்டிருக்கிறார்கள். ஊரே தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டியது; பழைய மாவு ஆலையின் புகைபோக்கி மட்டும் செங்கல். அம்மா ஒரு கற்பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலத்தில் கொலையைக் குறிக்கும் சொல்லை ஊருக்குப் பெயராக வைப்பார்களா என்று கேட்டார். பழைய ஆங்கிலத்தில் சேற்று நிலத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்த பெயர் என்றேன். "அப்படியானால் நம் ஊர்தான்" என்று எழுந்தார். எழும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது.

பெரியவரே, அப்போதுதான் நீங்களும் உங்கள் மனைவியும் எதிரே வந்தீர்கள். எதுவும் கேட்காமல் உங்கள் கைத்தடியை அம்மாவிடம் நீட்டினீர்கள். மேல்நுனி கவட்டையாகப் பிளந்த, பெருவிரலை வைத்துப் பிடிக்கும் தடி. எப்படித் திருப்பித் தருவது என்று தயங்கினேன். "போர்ட்டன் தேவாலயத்து வாசல் மண்டபத்தில் வைத்துவிடுங்கள், நாளைக் காலை பூ மாற்ற வரும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்றார் உங்கள் மனைவி. எங்கள் பெயரைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

அப்பர் ஸ்லாட்டரில் வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்த அம்மையாருக்கும் நன்றி. தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தந்தீர்கள். இங்கிலாந்துக் கிராமம் ஒவ்வொன்றிலும் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த கல் நிற்குமே, இங்கே ஏன் காணோம் என்று அம்மா கேட்டதற்குக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னீர்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இந்த ஊரிலிருந்து போனவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்களுக்கு 1930-களில் ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் 'நன்றிக்குரிய ஊர்கள்' என்று பெயரிட்டாராம். இது இரட்டை நன்றிக்குரிய ஊர். 1944-ல் எரிகுண்டுகள் விழுந்தபோதுகூட உயிர்ச்சேதம் இல்லை. நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருந்த அம்மா, தேவாலயம் இருந்த பக்கம் திரும்பிக் கைகூப்பினார். சதுக்கத்துக் குடிசை வீடுகளை 1906-ல் சீரமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ் என்றும் சொன்னீர்கள். பின்னாளில் டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டியவர் அவர்தான்.

ஊரைத் தாண்டிய ஓர் இறக்கத்தில் மூன்று பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக வேலியில் கதவு பொருத்திக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கோட்ஸ்வோல்ட்ஸ் தன்னார்வ வார்டன்கள் என்று பிறகுதான் தெரிந்தது. 1968 முதல் சம்பளமில்லாமல் இந்த வட்டாரத்துப் பாதைகளைப் பேணிவரும் அமைப்பு. அங்கே அதுவரை வேலியைத் தாண்ட ஏறி இறங்கும் மரப்படி இருந்ததாம். சேலையோடும் அந்த முழங்காலோடும் அம்மா அதில் ஏறியிருக்கவே முடியாது, அங்கிருந்தே திரும்பியிருப்போம். அம்மா வருவதைப் பார்த்ததும் கருவிகளை ஓரமாக ஒதுக்கி, புதுக் கதவைத் திறந்து பிடித்து, "நீங்கள்தான் முதல் ஆள்" என்றீர்கள். எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் மூத்த சுமங்கலியை முதலில் நுழையச் சொல்வதுண்டு. அம்மா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

இனி, வயல்கார ஐயா, உங்களிடம் வருகிறேன். இந்த மடலே உங்களுக்காகத்தான்.

ஒரு மேட்டில் ஏறியதும் கண்ணைக் கூசவைக்கும் மஞ்சள். எண்ணெய்க்காக விளைவிக்கும், கடுகுக் குடும்பத்துப் பயிர், மார்பளவு நின்று பூத்திருந்தது. வரைபடத்தில் பாதையைக் காட்டும் பச்சைப் புள்ளிக்கோடு வயலின் நடுவே போனது. பயிருக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடமும் தெரிந்தது. அம்மா நின்றுவிட்டார். "வரப்பில் நடக்கலாம், அடுத்தவர் பயிருக்குள் கால் வைக்கக் கூடாது" என்றார். இது பொதுவழி, சட்டப்படி நமக்கு உரிமை உண்டு என்று எவ்வளவோ சொன்னேன். அறுபத்தெட்டு வயதில் மாறுகிற பழக்கமா அது? வயலோரமாகச் சுற்றிப் போகக் கிளம்பினோம். அங்கே டிராக்டர் திரும்பித் திரும்பிக் குழப்பிய சேறு. பத்தடி போவதற்குள் அம்மாவின் வலது ஷூவின் அடிப்பாகம் பிளந்து, நாக்கைப் போலத் தொங்கியது.

நீங்கள் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்தபோது, திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். என்னை மன்னியுங்கள். வண்டியை நிறுத்தி இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ஏன் சேற்றில் நடக்கிறீர்கள்? உங்கள் பாதை அதோ நடுவில் இருக்கிறது" என்றீர்கள். அம்மா சொன்ன காரணத்தைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தீர்கள். பிறகு, "உழுது விதைத்தால் பதினான்கு நாளுக்குள் பாதையை மீண்டும் அமைத்துவிட வேண்டும் என்பது சட்டம். பயிர் சின்னதாக இருக்கும்போதே அந்தத் தடத்தில் முளைத்ததை அழித்துவிடுவேன். என் அப்பாவும் அதைத்தான் செய்தார்" என்றீர்கள். "இது உங்கள் பாதை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றீர்கள்.

சொன்னேன். அம்மா, "அவருடைய நிலத்திலா?" என்று மறுபடி கேட்டார்.

அதற்குள் வண்டியின் பெட்டியிலிருந்து நீலநிறக் கயிற்றை எடுத்துவிட்டீர்கள். வைக்கோல் பொதி கட்டும் பிளாஸ்டிக் கயிறு. அங்கே பாதி வேலிக்கதவுகள் அதில்தான் நிற்கின்றன. சேற்றிலேயே மண்டியிட்டு, அம்மாவின் காலைத் தூக்கி உங்கள் தொடையில் வைத்துக்கொண்டு, ஷூவைச் சுற்றி மூன்று சுற்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒரு சுற்று, அப்புறம் இரட்டை முடிச்சு. வெடித்த விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு. முடிச்சை இழுத்து, கயிற்றுக்கும் காலுக்கும் இடையில் ஒரு விரலை விட்டுப் பார்த்தீர்கள், இறுக்கிவிடக் கூடாதென்று. அம்மாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "உங்கள் வயதுள்ளவர் என் காலைத் தொடுவதா" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அப்புறம் நீங்கள் இருவரும் பேசினீர்களே, அதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டார் அம்மா. ஆகஸ்டில் என்றீர்கள். விளைச்சல் எவ்வளவு? ஹெக்டேருக்கு மூன்று டன்னுக்கு மேல் வந்தால் சந்தோஷம். பூச்சி உண்டா? அந்தக் கேள்விக்கு உங்கள் முகம் மாறிவிட்டது. இளநாற்றைத் தின்னும் துள்ளு வண்டைப் பற்றிச் சொன்னீர்கள். இலையில் குண்டூசி குத்தினாற்போல ஓட்டை விழும், முளைத்து வந்த பயிர் போய்விடும், அதற்குப் பயந்தே பலர் இந்தப் பயிரை விட்டுவிட்டார்கள் என்றீர்கள். அம்மா உடனே புகையானைச் சொன்னார். அதற்கு ஆங்கிலச் சொல் எனக்கு வரவில்லை. நெல்லின் தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்தாற்போல ஆகிவிடும் என்று விளக்கினேன். "ஒரே வாரத்திலா?" என்று கேட்டீர்கள். அம்மா ஆமென்று தலையாட்டினார். நீங்களும் தலையாட்டினீர்கள். ஐந்து மாதத்தில் அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அதன்பிறகு அம்மா நடுப்பாதையில் நடந்தார், ஒரு பூவும் உதிராதபடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. உதிரத்தான் செய்தது. மறுகரைக்கு வந்தபோது கோட்டெல்லாம் மஞ்சள்.

மீதிப் பாதை வின்ட்ரஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே, சிரமமில்லாமல் முடிந்தது. நீலக்கயிறு போர்ட்டன்வரை தாங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பச்சைப் புள்ளிக்கோட்டின் கதையைத் தேடிப் படித்தேன். 1949-ல் வந்த சட்டம், ஒவ்வொரு மாவட்டக் கவுன்சிலும் தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. அதற்கு முன் 1932-ல், பூட்டிய மலைநிலம் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கும், ஊர் ஊராக நடந்து அந்தக் கோடுகளைக் குறித்துக் கொடுத்தவர்களுக்கும் அம்மா சார்பில் என் வணக்கம்.

ஐயா, கயிற்றை அம்மா அவிழ்க்க விடவில்லை. ஷூ குப்பைக்குப் போய்விட்டது. முடிச்சோடு உருவியெடுத்த கயிறு அவர் பெட்டியில் இருக்கிறது. ஜூலை அறுவடையைப் பார்க்க வரலாமா என்று கேட்கச் சொன்னார். ஒதுங்கித்தான் நிற்போம்.

பெரியவரே, உங்கள் தடி தேவாலய மண்டபத்தில், உள்ளே நுழையும்போது இடதுபக்க இருக்கையின் மூலையில் சாய்த்து வைத்திருக்கிறது. நுனியில் இருந்த சேற்றை அம்மா ஆற்றில் கழுவிவிட்டார்.

நன்றியுடன்,
அம்மாவும் மகளும்
செல்டன்ஹாம்