ஏழாயிரம் ரூவா பெட்டியும் எங்கப்பா கேசட்டும்

டேய் மாப்ள,

உன் மெயில் வந்து பன்னெண்டு நாளாச்சு, பதில் போடலன்னு வையாத. இங்க கொடைக்கானல்ல ஒரு வாரமா மழையும் காத்தும். நாயுடுபுரத்துக்கு மேல ஒரு யூகலிப்டஸ் மரம் லைன்ல சாஞ்சு ரெண்டு நாள் கரெண்டே இல்ல, அப்புறம் வந்தாலும் அரமணி நேரம் இருக்கும், திரும்பப் போயிரும். கடைல யூபிஎஸ்ஸுங்க வரிசையா வந்து உக்காந்திருக்கு, எல்லாரும் நாளைக்கே வேணுங்கிறாங்க. நேத்து சாயங்காலம் கடைய அடைக்கப் போறேன், வாசல்ல காட்டெருமை ஒண்ணு நின்னு குப்பைத்தொட்டிய மோந்து பாத்துக்கிட்டிருக்கு. அது நகர்ற வரைக்கும் ஷட்டர்கூட இறக்காம முக்கால் மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்தேன்.

சரி, உன் கேள்விக்கு வர்றேன். மதுரைல ஒரு கடைல எழுபதாயிரத்துக்கு மியூசிக் ஸ்ட்ரீமர்னு பாட்டு ஓட விடுற பெட்டி வாங்கிக்கங்க, அதுல இருக்க சாஃப்ட்வேர்ல பாட்டு கேட்டா வேற லெவல்னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தியே, ஒரு மாசம் பொறு. நான் ரெண்டு மாசமா இதே வேலையாத்தான் இருக்கேன், ராத்திரி பத்து மணிக்கு மேல, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கெடைக்கிற லினக்ஸ்ல இருக்க பாட்டு பிளேயர் ஒவ்வொண்ணா போட்டுப் பாக்குறது, வீட்டுல எனக்கு இன்னொரு பொண்டாட்டி வந்துட்டதா பேச்சு.

பெட்டி என்னன்னு கேட்டா சிரிப்ப. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சுல்ல, விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறையாவது வேணுங்கிறான், அதனால 2015, 16ல ஆபீஸ்களுக்கு வாங்கின மினி பிசி எல்லாம் பழைய சாமான் விலைக்கு வந்துருச்சு. அக்கா பையன் சென்னை ரிச்சி தெருல ஒண்ணு பிடிச்சு அனுப்புனான், ஆறாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஏழாயிரம் ரூவா. டிபன் பாக்ஸ் சைஸ்தான் இருக்கும். வித்தவரு மினி பிசிக்கு வேற ஏதோ மெஷினோட அடாப்டர வச்சு அனுப்பிட்டாரு, போன் போட்டா எடுக்கல, அதுக்கு ஒரு எண்ணூறு தண்டம். பாட்டுப் போட்டா அந்த ஐ5 ஒரு சதவீதம்கூட வேலை செய்யல, யானையக் கட்டி கறிவேப்பில சுமக்கவிட்ட மாதிரிதான்.

எதுக்கு இதெல்லாம்னா எங்கப்பா கேசட்டுக்குத்தான். உனக்குத் தெரியும், திருச்சி ரேடியோல வர்ற கச்சேரி, கோயில் திருவிழால நாகஸ்வரம், எல்லாத்தையும் பிடிச்சு நம்பர் போட்டு வச்சிருப்பாரு, மொத்தம் நூத்திப் பதினாலு. இந்த ஊர் ஈரத்துல பாதி டேப்ல வெள்ளப் புள்ளியா பூசணம் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு, இன்னும் ரெண்டு மழை தாங்காது. பழைய கேசட் டெக்க தூசி தட்டி, யூஎஸ்பி வழியா ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஏத்தி, தரம் கொறையாத ஃப்ளாக் ஃபைலா மாத்தி வைக்கிறேன். இதுல ஒண்ணு சொல்றேன் கேளு. டெக்குல ஹெட்டுக்குப் பக்கத்துல பொடிசா ஒரு ஸ்க்ரூ இருக்குல்ல, ஒவ்வொரு கேசட்டுக்கும் அத ஒரு நூல் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் திருப்பிப் பாத்தா, திடீர்னு ஒரு இடத்துல போர்வைய விலக்குன மாதிரி ஜால்ரா பளிச்சுன்னு வெளிய வரும். அந்தக் கால் சுத்துல வந்த வித்தியாசம், நான் போட்டுப் பாத்த அத்தன சாஃப்ட்வேரையும் சேத்தாலும் வரல.

வரலன்னு சும்மா சொல்லல. ஸ்ட்ராபெரி, டெட்பீஃப், ஆடேஷியஸ், குவாட் லிபெட், திரை எதுவும் இல்லாம பின்னாடியே ஓடுற எம்பிடி, அப்புறம் டாஃபைல், வால்யூமியோ, எல்லாம் போட்டேன். மூட்னு ஒண்ணு நல்லா இருக்கும்பாங்க, அது ராஸ்பெரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், விட்டுட்டேன். மொத நாள் ராத்திரி ரெண்டு பிளேயர மாத்தி மாத்திப் போட்டுட்டு வீட்டுக்காரிகிட்ட சொல்றேன், இதுல மிருதங்கத்தோட தொப்பி, அந்த இடது பக்க கனத்த சத்தம், எப்படி இறங்குது பாரு, அதுல மந்தமா இருக்குன்னு. அவளும் ஆமாங்கன்னுட்டா. மறுநாள் பாத்தா மந்தமா இருந்ததுல ரீப்ளேகெயின் ஆன்ல இருந்துருக்கு, அது சத்தத்த நாலஞ்சு டெசிபல் கொறச்சு விட்டுருக்கு, அவ்ளோதான் விஷயம். சத்தம் கொஞ்சம் கூட இருந்தாலே நல்லா இருக்குன்னு காது நம்பிரும் மாப்ள. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு, பொண்ண உக்கார வச்சு, நான் சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு, எது ஓடுதுன்னு பத்துத் தடவ சொன்னேன். அஞ்சு சரி அஞ்சு தப்பு. காச சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்னு அவ சிரிச்சிட்டுப் போயிட்டா, பிளஸ் டூ படிக்கிற புள்ள.

ஆனா ஒரு இடத்துல நெஜமாவே வித்தியாசம் இருக்கு, அது பிளேயர்ல இல்ல, அதுக்குக் கீழ. சிடில இருந்து எடுத்தது எல்லாம் செகண்டுக்கு 44,100 சாம்பிள், அதாவது சத்தத்த அத்தன தடவ அளந்து வச்சது. இப்ப லினக்ஸ்ல சத்தத்தப் பாத்துக்குற பைப்வயர், சொல்லாம விட்டா எல்லாத்தையும் 48,000ஆ மாத்தித்தான் வெளிய விடும். நீ என்ன பிளேயர் போட்டாலும் சரி. ப்ராக் ஃபோல்டர்ல அசவுண்ட்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள நோண்டிப் போனா ஹெச்டபிள்யூ பாராம்ஸ்னு ஒரு ஃபைல், பாட்டு ஓடிட்டிருக்கப்போ அதத் திறந்தா இப்ப சவுண்ட் கார்டுக்கு என்ன ரேட்ல போகுதுன்னு எழுதியிருக்கும். என்னோடதுல 48,000. பைப்வயர் கான்ஃபிக்ல ரெண்டு ரேட்டுமே ஓகேன்னு ஒரு வரி சேத்தேன், 44,100 ஆயிருச்சு. எம்பிடின்னா பைப்வயரே வேணாம், சவுண்ட் கார்ட ஓட்டுற அல்சாவுக்கு நேராக் குடுத்துரலாம். மாத்துனதுக்கு அப்புறம் காதுக்கு எதாவது தெரிஞ்சுச்சான்னா, எனக்குத் தெரியல. மனசுக்கு நிம்மதி, அவ்ளோதான்.

ஸ்பீக்கர்ல வித்தியாசம் தெரியணும்னா ரெண்டாயிரம் ரூவாய்க்கு ஒரு யூஎஸ்பி டாக், அதாவது டிஜிட்டல ஆம்ப்ளிஃபயருக்கு ஏத்த சத்தமா மாத்துற குட்டிப் பெட்டி, வாங்கு, அது போதும், லினக்ஸ்ல டிரைவர்கூட கேக்காது. பெட்டியோட முன்பக்க ஜாக்குல மவுஸ நகத்துனா கூட கிர்ருனு கேக்கும். அப்புறம் கான்ஃபிக்ல சவுண்ட் கார்டுக்குப் பேர் குடுத்து வை, நம்பர் போடாத. நம்பர் போட்டு வச்சு, ரீஸ்டார்ட் பண்ணதும் நம்பர் மாறி சத்தம் மானிட்டருக்குப் போற ஹெச்டிஎம்ஐக்குத் தாவிருச்சு, நான் ஒரு மணி நேரம் ஆம்ப்ளிஃபயரப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தேன்.

இதெல்லாம் விட என்னைய ராத்திரி முழிக்க வச்சது வேற. எம்பி3 ஃபைலோட ரெண்டு முனைலயும், மாத்துறப்போ கொஞ்சம் வெறும் நிசப்தம் ஒட்டிக்கும், எம்பி3ல ஒரு துண்டு, ஃப்ரேம்ங்கிறதே 26 மில்லி செகண்டு. சினிமாப் பாட்டுக்கு அதப் பத்திக் கவலையில்ல. ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக்குன்னு வெட்டி வச்சிருக்க கச்சேரில, பின்னாடி தம்புரா ஓடிட்டே இருக்கப்போ ஒரு டிராக் முடிஞ்சு அடுத்தது வர்ற எடத்துல சுருதி ஒரு விக்கல் எடுக்கும் பாரு, தொண்டைல முள்ளு மாட்டுன மாதிரி இருக்கும். அந்த நிசப்தத்துல எவ்வளவு வெட்டித் தள்ளணும்ங்கிற விவரத்த, எம்பி3யா மாத்துற லேம்ங்கிற சாஃப்ட்வேர் ஃபைல்லயே எழுதி வைக்கும், பிளேயர் அதப் படிச்சா விக்கல் வராது. அதுக்காக சுருதிப்பெட்டிய பத்து நிமிஷம் ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணி, அத அரை நிமிஷத் துண்டா இருபது போட்டு, ஒவ்வொரு பிளேயர்லயும் வரிசையா ஓட விட்டு விக்கல எண்ணுனேன். எம்பிடில ஒண்ணுமில்ல. பாக்க ரொம்ப அழகா இருக்க ஒண்ணு, பேர் வேணாம், பத்தொம்பது விக்கல் எடுத்துச்சு. எண்ணி முடிக்கிறப்போ அம்மா உள்ள இருந்து, "ஏப்பா அந்தப் பொட்டி ரிப்பேரா?"ங்குறாங்க. ஃப்ளாக்கா வச்சிட்டா இந்தத் தொல்லை இல்ல, அதுல சாம்பிள் கணக்கு துல்லியமா இருக்கும்.

அடுத்தது தமிழ். தோடின்னு ஒரு ஃபோல்டர் வச்சேன், அதுக்குள்ள அப்பா பிடிச்ச நாகஸ்வரம் ஏழு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா தோடின்னு ரெண்டு ஃபோல்டர் பக்கத்துல பக்கத்துல நிக்குது, ஒண்ணுல ஏழு, ஒண்ணுல நாலு. ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர் ரெண்டு எப்படிடா இருக்கும்? கண்ண கசக்கிட்டுப் பாத்தேன், எழுத்துல துளி வித்தியாசம் இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, அந்த நாலு மச்சினனோட ஆப்பிள் மேக்ல இருந்து வந்தது. "தோ"ல வர்ற ஓகாரத்த ஒரே குறியீடாவும் எழுதலாம், ரெட்டச்சுழிக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம், பாக்க ரெண்டும் ஒண்ணுதான், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற. மேக்ல பழைய ஃபைல் சிஸ்டம் பிரிச்சுத்தான் வைக்கும். மோகனம், கௌளைன்னு அந்த மாதிரி வர்ற எல்லா ராகத்துக்கும் இதே கதி. கல்யாணி தப்பிச்சா. கன்வ்எம்வினு ஒரு சின்ன கமாண்ட் இருக்கு, பேரையெல்லாம் ஒரே முறைக்கு மாத்திரும், ஏற்கனவே ரெண்டா நிக்கிற ஃபோல்டர மட்டும் கையால சேக்கணும். இது போக ராகம்னு ஒரு கட்டம் பிளேயர்கள்ல தயாரா வர்றதில்ல, ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஜானர்தான். நான் ராகத்த ஜானர்லயும், எந்த ஊர்ல எந்தத் திருவிழாங்கிறத கமென்ட்லயும் போட்டுட்டேன். உன் பழைய எம்பி3 எல்லாம் டிஸ்கி (TSCII)ங்கிற, யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்துமுறைல டேக் அடிச்சதா இருக்கும், கிறுக்கல் கிறுக்கலாத்தான் தெரியும், அத நீயே கையால மாத்திக்க.

இப்ப உச்சகட்டத்துக்கு வர்றேன். இங்க கரெண்டு போய் வர்ற ஊர், அதனால பெட்டிய எழுப்புற பயாஸ் செட்டிங்ல கரெண்டு வந்ததும் தானா ஆன் ஆகுற மாதிரி வச்சேன். எம்பிடி எங்க ஓடிட்டிருந்துச்சுங்கிறத ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க ஒரு ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், திரும்ப எந்திரிச்சா அங்கேயிருந்தே ஆரம்பிக்கும். என்னா புத்திசாலின்னு மெச்சிக்கிட்டேன். போன மாசம் ஒரு நா ராத்திரி எட்டு மணிக்கு நாகஸ்வரத்துல மல்லாரி ஓடிட்டிருக்கப்போ கரெண்டு போச்சு, சரின்னு சாப்ட்டுப் படுத்துட்டோம். விடியக்கால மூணு மணிக்குக் கரெண்டு வந்துச்சு. பெட்டி எந்திரிச்சு, ஆம்ப்ளிஃபயர் எந்திரிச்சு, ரெண்டு நாகஸ்வரம் ரெண்டு தவுலு, மூடுபனில ஊரே உறங்கிட்டிருக்கு. நான் கம்பளிய உதறிட்டு ஓடி, இருட்டுல ஸ்டூல்ல முட்டிக்கிட்டு, ஒயரப் பிடுங்குறதுக்குள்ள தெருவுல ரெண்டு லைட் போட்டாச்சு. காலைல பக்கத்து வீட்டு அக்கா தண்ணி பிடிக்கிற எடத்துல நிதானமா கேக்குறாங்க, "தம்பி, முகூர்த்தம் எத்தன மணிக்கு?" எம்பிடி கான்ஃபிக்ல ரிஸ்டோர் பாஸ்ட் (restore_paused), எஸ்னு ஒரே ஒரு வரி. அதப் போட்டா எந்திரிக்கும், வாய மூடிக்கிட்டு நிக்கும். நீ மொத நாளே போட்டுரு.

அம்மாவுக்கு போன்ல ஆப் எல்லாம் வராது. முந்நூறு ரூவாய்க்கு நம்பர் மட்டும் இருக்க குட்டி கீபோர்டு ஒண்ணு வாங்கி மாட்டி, ஒண்ண அமுக்குனா நாகஸ்வரம், ரெண்டுன்னா வாய்ப்பாட்டு, சைபர் நிறுத்துறதுன்னு வச்சேன். மேல கலர் கலரா ஸ்டிக்கர். கோடை எஃப்எம்முக்கு ஒரு பட்டன் வைக்கவான்னு கேட்டேன், அதுக்குத்தான் ரேடியோப் பெட்டி இருக்கே, அதையும் எதுக்கு இதுல போட்டுக் குழப்புறங்குறாங்க. நியாயந்தானே.

உனக்கு முடிவா சொல்றது, அந்த ஸ்ட்ரீமர் வேணாம், இதே மாதிரி பழைய மினி பிசி, டெபியன்ங்கிற லினக்ஸ், எம்பிடி, ஒரு டாக். உள்ள இருக்க ரூவா சைஸ் பேட்டரிய மொதல்ல மாத்திரு, என்னோடது செத்துக் கெடந்து, கரெண்டு போன ஒவ்வொரு தடவையும் தேதி எங்கேயோ பழைய வருஷத்துக்குப் போயி இன்டர்நெட் ரேடியோ ஒண்ணும் வராம மண்டைய ஒடச்சுக்கிட்டேன். ராத்திரி பகலா ஓடுனாலும் பத்து வாட்டுக்குப் பக்கம்தான், மாசத்துக்கு ஏழெட்டு யூனிட். இங்க அது இன்னொரு வேலையும் பாக்குது, மழ மாசத்துல நமத்துப் போற தீப்பெட்டிய வீட்டுக்காரி அது மேலதான் அடுக்கி வைக்கிறா. ஐ5க்கு இப்பத்தான் ஒரு உருப்படியான வேலை கெடச்சிருக்கு.

மூட்டு வலி தேவலையா? தங்கச்சியக் கேட்டதா சொல்லு. சின்னவன கோயம்புத்தூர்ல சேத்தாச்சான்னு எழுதவே இல்ல. மழ விட்டதும் ரெண்டு பேரும் வாங்க, இ-பாஸ் எடுக்க மறந்துறாத, போன தடவ உன் சகலைய செக்போஸ்ட்ல நிறுத்தி வச்ச மாதிரி ஆயிரும்.

வர்றப்போ இன்னொண்ணு. கேசட்டு எல்லாம் நம்பர் வரிசைல ஏத்திட்டு வர்றேன், 61ல ராகம் தானம் முடியுது, பல்லவி 62ல. 62 இல்ல. அப்பா நோட்டுல 62க்கு நேரா பென்சில்ல உன் பேரு எழுதி, 1991, பாலிடெக்னிக்னு போட்டிருக்கு. தேடு.

இப்படிக்கு,
உன் மாப்ள