நட்டம் யார் பெயரில்?

அருமனை,
மாசி 12

அன்புள்ள மகளே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வணிகப் பாடக் குறிப்பு 40 பக்கத்தையும் வாசித்துவிட்டேன். இரண்டு ராத்திரி ஆனது. கடைசியில் ஒரே ஒரு வரியில், "பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து தோழியோடு கூட்டாகத் தேன் வியாபாரம் தொடங்கப் போகிறேன், எந்த வகைப் பதிவு நல்லது?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே ரப்பர் துளிர்த்துவிட்டது. மூன்று இலையும் கூடும் காம்பு நுனியில் இனிப்பு நீர் துளித்துளியாக மினுங்குகிறது, தேனீப் பெட்டி எல்லாம் இரைச்சல். ரப்பர் தேன் இந்தத் துளியில் கிடைப்பது, பூவிலிருந்து வருவதில்லை என்பதை உன் தோழியிடம் முன்னமே சொல்லிவை. லேபிளில் பூப்படம் போட்டுவிடப் போகிறாள்.

குறிப்பில் வேலை ஊக்கம் என்ற பாடம் எனக்குப் பிடித்திருந்தது. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து 1959இல் எழுதியது. சம்பளமும் வேலையிடமும் மோசமானால் மனம் கசக்கும், ஆனால் அவை நன்றாக இருப்பதாலேயே வேலையில் பிடிப்பு வந்துவிடாது. பிடிப்பு வருவது செய்து முடித்த நிறைவிலும் பாராட்டிலும் பொறுப்பிலும் என்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வராத ஆளிடம் போய் நிறைவைப் பற்றிப் பேசினால் என்ன கிடைக்கும் என்று உனக்கே தெரியும்.

மற்றப் பாதி உண்மை என்பதை நான் நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் தேன் எடுக்கும் பையன்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினேன். சுறுசுறுப்பாக வேலை நடந்தது, டின் டின்னாக நிறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நீர் வற்றித் தேன் முற்றிய பிறகுதான் தேனீ அடையை மெழுகால் மூடும் என்பது நீ சின்ன வயதிலேயே அறிந்தது. அவர்கள் மூடாத அடையையும் சேர்த்து எந்திரத்தில் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள். தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வருடத்துத் தேனை அளந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இரண்டாம் மாதம் மூடி உப்பி, திறந்தால் நுரையும் கள்ளு வாசமும். கடைக்காரர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பினார்கள். பையன்களைத் திட்டினேன். பிறகு யோசித்தால், நான் கிலோவுக்குக் காசு கொடுத்தேன், அவர்கள் கிலோ கொடுத்தார்கள்.

அடுத்த வருடம் நாள்கூலி. கூடவே, அவர்களில் மூத்தவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்தப் பெட்டியை என்றைக்குத் திறப்பது என்பது உன் முடிவு, நான் கேட்கமாட்டேன் என்றேன். அந்தி நேரம் வந்து நின்று, "ஏழாம் பெட்டி இன்னும் நாலு நாள் கழியட்டும்" என்று எனக்கே உத்தரவு போடுவான். இன்றைக்கும் அவன்தான் வருகிறான். நீ பாட்டில் நிரப்பும் இடத்துக்கு ஆள் வைக்கும்போது இதை நினைத்துக்கொள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ பிறக்கும் முன், நானும் ஒரு சிநேகிதனும் 1988இல் பாதிப்பாதி என்று கூட்டு வியாபாரம் தொடங்கினோம். முத்திரைத்தாளும் இல்லை, பதிவும் இல்லை. ஒரு வாய் வெற்றிலையோடு பேசி முடித்தோம். வெளியூர் வியாபாரி ஒருவர் இரண்டு பருவத்துத் தேனைக் கடனுக்கு வாங்கிவிட்டுக் கைவிரித்தார். வழக்குப் போடலாம் என்று குழித்துறைக்குப் போனால், வக்கீல் முதலில் கேட்டதே பதிவுச் சான்றிதழைத்தான். 1932ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்தத்தைக் காட்டி வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. பதிவு கட்டாயம் இல்லை என்று உன் குறிப்பில் இருக்கிறதே, அது சரிதான். கட்டாயம் இல்லாததற்கு விலை இது.

அதோடு நிற்கவில்லை. 1991, 92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டுத் தேனீக்களை அழித்தது. புழு பைபோல் ஊதிச் செத்துக் கிடக்கும். பெட்டியைத் திறந்தால் இரைச்சலே இருக்காது. கூட்டாளி வளைகுடாவுக்குப் போய்விட்டார். கூட்டாக வாங்கியிருந்த கடனில் வங்கி என்னிடம் பாதியைக் கேட்கவில்லை, முழுவதையும் கேட்டது. கூட்டு நிறுவனத்தில் ஒவ்வொரு பங்காளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பு, சொந்தச் சொத்து வரைக்கும். கிழக்கே 18 சென்ட் விளை அப்படித்தான் போனது. அதில் நின்ற அயனிச் சக்கை மரத்தைப் பற்றி உன் அம்மை இன்னும் பேசுவாள்.

ஆகவே நீ மாதம் எவ்வளவு லாபம் வரும் என்று போட்ட கணக்கை ஓரமாக வை. நட்டம் வந்தால் யார், எதுவரை கொடுப்பது என்று இரண்டு பேரும் எழுதுங்கள். நீ இங்கே நாள் முழுக்க வேலை பார்ப்பாய், அவள் அங்கிருந்து பணம் போடுவாள், அப்படித்தானே? எழுதி வைக்காவிட்டால் அதே சட்டத்தின்படி லாபமும் நட்டமும் சமபங்கு, வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆறு மாதம் கழித்து நீ சம்பளம் எடுத்தால் அவளுக்குச் சந்தேகம் வரும், எடுக்காவிட்டால் உனக்குக் கோபம் வரும்.

பிரைவேட் லிமிடெட் உனக்கு இப்போது வேண்டாம். விற்பனை இல்லாத வருடமும் தணிக்கை உண்டு. ஒரு ஆள் கம்பெனி 2013 சட்டத்தில் வந்தது. தோழி பங்குதாரராக இருந்தால் அது பொருந்தாது. அவள் உண்மையாகவே பணம் போடுகிறாள் என்றால் 2008 சட்டத்து எல்எல்பி என்ற கூட்டாண்மை வகையைப் பார். பொறுப்புக்கு வரம்பு உண்டு, விற்பனை 40 லட்சமும் மூலதனம் 25 லட்சமும் தாண்டாதவரை தணிக்கை இல்லை, ஆனாலும் வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். லாபத்துக்கு வரி முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். தனியாளாகச் செய்தால் உன் வருமான வரம்புப்படிதான் வரி. இன்னொன்று: வரம்புள்ள பொறுப்பு என்று நெஞ்சு நிமிர்த்தி வங்கிக்குப் போனால், மேனேஜர் உன்னிடம் சொந்த ஜாமீன் கையெழுத்து கேட்பார். அதைப் போட்ட அன்றே அந்த வரம்பு பாதி போயிற்று.

என் எண்ணம், இந்தப் பருவத்தை உன் ஒருத்தியின் பெயரில் நடத்து. உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்குக் காசு இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதே. நம் பெட்டிகளையும் கொட்டகையையும் வாடகைக்கு எழுதித் தருகிறேன், சும்மா தரமாட்டேன். அவள் ஒரு பங்குனி முழுக்க இங்கே வந்து நின்று தேனீக்கொட்டும் வாங்கட்டும், பிறகு எல்எல்பி பேசலாம். கோபப்படமாட்டாள் என்று நினைக்கிறேன். கோபப்பட்டால் இப்போதே படட்டும்.

இரண்டு பேரும் எழுதிய தாளின் நகலை அனுப்பு. கண்ணாடிக் குப்பியின் மூடி 53 மில்லிமீட்டரா 63ஆ என்று அம்மை கேட்கச் சொன்னாள். மார்த்தாண்டம் சந்தைக்கு வியாழக்கிழமை போகிறாளாம்.

அன்புடன்,
அப்பா