‘கிவ் வே’ என்றால் என்ன?

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

வைத்தியசாலையில் ஒரு முதியவருக்கு மொழிபெயர்த்தபோது ‘கிவ் வே’ (give way) என்ற ஆங்கிலச் சொல்லில் தடுமாறியதாகத் தொலைபேசியில் சொன்னாய். வீட்டில் ஆட்கள் இருந்ததால் சரியான பதில் தரமுடியவில்லை. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வைத்தியர் கேட்டது முழங்கால் நோகிறதா என்றல்ல. நடக்கும்போது பாரம் தாங்காமல் திடீரென்று மடிகிறதா என்று கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் நீ தடுமாறியதில் தவறில்லை, நின்று யோசித்தாயே, அதுதான் எனக்குப் பெருமை. போன மாரியில் நம் பின்மதில் சரிந்ததற்கும் இதே சொல்தான்.

நீ கார் ஓட்டும் தெருவில் தலைகீழ் முக்கோணப் பலகையிலும் அது இருக்கும். அங்கே சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுகிறாய். கடலிலும் வலப்பக்கம்தான். 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளின்படி, இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கம் காண்கிற கப்பல் விலகவேண்டும். மற்றதற்கும் ஒரு கடமை உண்டு: திசையும் வேகமும் மாறாமல் போகவேண்டும்.

ஒன்று போய் இன்னொன்று வருவதையும் இப்படிச் சொல்வார்கள். சிறுவயதில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனது நினைவிருக்கிறதா? 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்ததும் பாதை ஓய்ந்தது. ‘பாதை பாலத்துக்கு இடங்கொடுத்தது’ என்று எழுதினால் நம் ஊரார் அந்த மிதவையை நினைத்துக்கொள்வார்கள். வெளியூரார் தெருவை நினைப்பார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பொருளை அகராதியில் அல்ல, உன் அப்பப்பாவிடம் கற்றேன். 1957 வரை துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது. அவர் அங்கே வேலை செய்தவர். துடுப்புப் படகில் ‘கிவ் வே டுகெதர்’ என்று கட்டளை வந்தால் எல்லோரும் சேர்ந்து துடுப்பு வலிக்கவேண்டும். விட்டுக்கொடுப்பது என்று பள்ளியில் படித்துவந்த நான் அவரோடு வாதாடினேன். அவர் பேசவில்லை. இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, நெஞ்சுவரை இழுத்துக் காட்டினார். தோள் நரம்புகள் புடைத்து நின்றதை இன்றும் காண்கிறேன்.

நம் ‘விட்டுக்கொடு’ மட்டும் எளிதா? அம்மா தன் பங்கு மீன்பொரியலை உனக்கு விட்டுக்கொடுப்பாள். அயலவர் முன்னால் உன்னை ஒருநாளும் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

ஒன்றை இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. நீ வெளிநாடு போகப்போவதாகச் சொன்னபோது மூன்று வாரம் உன்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ‘போய்வா’ என்றேன். அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நீ அம்மாவிடம் சந்தோஷப்பட்டாயாம். மகள், அன்று நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த முதியவரின் கால்போல மடிந்துபோனேன். உன் முதல் கடிதம் வந்த பிறகுதான், அதை உட்துறைமுகக் கரையில் இருந்து வாசித்த பிறகுதான், உனக்கு உண்மையாகவே வழிவிட்டேன்.

நீ திசை மாறாமல் போய்க்கொண்டிருந்தாய்.

அந்த முதியவரை மறுபடி கண்டால், கால் இப்போது எப்படி என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா