கற்பனை இனம், நமக்குத் தெரிந்த மக்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வரும் மாயாஜாலத் தொடர்கதையை நானும் மகளும் முதல் அத்தியாயத்திலிருந்தே விடாமல் படிக்கிறோம். தமிழில் இப்படிப்பட்ட கதைகள் குறைவு. பேப்பர் வந்ததும் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சென்ற வாரம் கதையில் ஒரு காட்டு இனம் வந்தது. மரப்பட்டை ஆடை, மூங்கில் வீடு, ஊதுகுழலில் நஞ்சு தடவிய அம்பு. "அம்மா, இவங்க ஓராங் அஸ்லிதானே?" என்று மகள் கேட்டாள். ஆமாம், தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களேதான், இனத்தின் பெயர் ஒன்றுதான் கற்பனை. அப்புறம் அதே மக்கள் வழிப்போக்கனைப் பிடித்து நரபலிக்குக் கட்டிப்போடுகிறார்கள். அந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துப்போனது.

நான் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் வளர்ந்தவள். கேமரன் மலைக்குப் போகும் சாலையோரம் பெத்தாய்க் காய் விற்கும் செமாய் மக்களை, ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவினரை, பார்த்துப் பழகியவள். அவர்களைப் பற்றி எழுதிய மானிடவியலாளர்கள் முதலில் சொல்வதே, சண்டையை அஞ்சி ஒதுங்கும் மக்கள் என்பதைத்தான். அவர்களிடம் 'புனான்' என்றொரு நம்பிக்கை உண்டு. ஒருவர் ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் விட்டால், ஆசைப்பட்டவருக்கே ஏதாவது ஆபத்து நேருமாம். அதனால் கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது அவரை ஆபத்தில் தள்ளுவதற்குச் சமம். மலாய்க்காரர்கள் 'கெம்புனான்' என்பார்களே, அதுவும் இதற்கு நெருங்கியதுதான். ஒரு மாய உலகத்துக்கு இதைவிட நல்ல விதி எங்கே கிடைக்கும்? பசியோடு ஒருவன் வந்து நிற்கிறான், அவனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று ஊரே பதறுகிறது! அந்த நஞ்சுகூட ஈப்போ மரத்தின் பால். ஈப்போ நகரத்துக்கே அந்த மரத்தின் பெயர்தான்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தன் கதையின் குதிரைவீரர் இனத்துக்குப் பழைய ஆங்கிலப் பெயர்களையும் சொற்களையும் கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் அந்த மொழிக்கே பேராசிரியராக இருந்தவர் அவர். எல்லாரும் அந்த அளவுக்குப் படிக்க வேண்டாம். நாம் கடன் வாங்கும் மக்கள் இதோ தாப்பாவிலும் கோப்பெங்கிலும் இருக்கிறார்கள், போய்ப் பேசலாம்.

நம்மை வைத்தும் இங்கே கற்பனை செய்திருக்கிறார்கள். 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் ராஜா சூலான் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலடிக்கு இறங்குகிறான், அங்குள்ள இளவரசியை மணக்கிறான். அந்தப் பெயரில் சோழனின் சாயல் தெரிகிறது. மலாக்கா அரச வம்சத்துக்கே அவனை மூதாதையாக்கினார்கள். எனக்கு இன்றும் அதில் பெருமைதான். நாம் எழுதும்போது செமாய் பிள்ளைகளுக்கும் அப்படியொரு பெருமை கிடைக்க வேண்டாமா?

தொடர் இன்னும் முடியவில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தை எழுத்தாளரிடம் சேர்த்துவிடுங்கள். பலிமேடையில் கட்டிக் கிடப்பவனை ஒரு கிழவி வந்து அவிழ்த்துவிட்டு, வெந்த மரவள்ளிக்கிழங்கை நீட்டினால் கதை எங்கே போகும் என்று நானும் மகளும் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

அன்புடன்,
வாசகி ஒருவர்,
பிறை, பினாங்கு.