ஹேவா, ஹேஸா?

தண்டையார்பேட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விடுவதாக இல்லை. உன் மகள் காலேஜில் சேர்ந்த சேதி பெரியக்கா சொல்லித்தான் தெரிந்தது. அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறொன்றுக்காக. மனசு ஆறவே இல்லை.

என்னிடம் டியூஷனுக்குக் காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள், ஒன்பதாம் வகுப்பு. அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். பரீட்சையில் அப்பாவைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதியது: 'மை ஃபாதர் இஸ் ஒன் ஆஃப் தி ஃபிஷர்மென் ஹூ ஹேவ் தேர் ஓன் போட்ஸ்.' எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள் பார்! அந்த 'ஹேவ்'வைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'ஹேஸ்' என்று எழுதி, அரை மார்க் குறைத்திருக்கிறார்கள். 'ஒன்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. அப்பா ஒருவர்தானே என்ற கணக்கு. ஆனால் 'தேர் ஓன் போட்ஸ்' அப்படியே நிற்கிறது. ஹேஸ் போட்டால் அதையும் அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? சரியாக இருந்த வாக்கியத்தைக் கெடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

படகு வைத்திருப்பது யார்? அந்த மீனவர்கள் எல்லோரும். அப்பா அவர்களில் ஒருவர். 'ஹூ' சேர்வது 'ஃபிஷர்மென்' என்பதோடு, அதனால் ஹேவ். 'தி ஒன்லி ஒன் ஆஃப்' என்று தொடங்கி, அத்தனை பேரில் அப்பாவிடம் மட்டும்தான் படகு என்று சொன்னால் அப்போது ஹேஸ். இந்த நுணுக்கத்தை அவள் தானாகப் பிடித்திருக்கிறாள், செல்வி! இங்கிலீஷ்காரர்களே 'ஒன்' என்பதைப் பார்த்து ஹேஸ் போடுவது உண்டு, நன்றாக எழுதுகிறவர்கள்கூட. அதனால் ஹேஸ் எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைக்கவே எனக்கு மனசு வராது. ஹேவ் எழுதியவளுக்குக் குறைப்பது அநியாயம் இல்லையா?

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் கஷ்டம் என்று யார் யோசிக்கிறார்கள்? படகு வைத்திருக்கிற மீனவர், படகு வைத்திருக்கிற மீனவர்கள். 'வைத்திருக்கிற' அசையவே இல்லை பார். தமிழய்யா நன்னூலை வைத்துக்கொண்டு நம்மைப் படுத்தியது ஞாபகம் இருக்கிறதா? பெயரெச்சத்தில் காலமும் செயலும் தெரியும், பாலும் பெயரும் எஞ்சி நிற்கும் என்று பவணந்தி சொல்கிறாரே, அதுதான். அன்றைக்கு நீ பெஞ்சுக்கு அடியில் மாங்காய் தின்றுகொண்டிருந்தாய், உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது! ஒன்றா பலவா என்பதைப் பின்னால் வருகிற பெயர்தான் நமக்குச் சொல்லும். இங்கிலீஷில் பெயர் முன்னாலேயே வந்துவிடும். எந்தப் பெயர் என்று வினை திரும்பிப் பார்க்க வேண்டும். தமிழ் எச்சத்துக்கு அந்த வேலையே கிடையாது. இரண்டையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே புரிந்துவிடுகிறது.

அரை மார்க் போனால் போகட்டும். இப்போது அவள் எங்கே பார்த்தாலும் ஹேஸ் போடுகிறாள். நேற்று 'தி பாய்ஸ் ஹூ ஹேஸ்' என்று எழுதியிருந்தாள். ஏன் என்றால், "எதுக்கு மிஸ் வம்பு" என்கிறாள். தெரிந்ததை எழுதவே பயப்படுகிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பொங்கலுக்கு வருவாய்தானே? எம்.சி. ரோட்டுக்குப் போய்ப் புடவை எடுக்கலாம். அதற்கு முன்னால் ஒன்று சொல். வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்துகிறவள் நீ. அந்த டீச்சரை நான் நேரில் போய்ப் பார்க்கலாமா? பார்த்தால் பிள்ளைக்கு அது வினையாக முடியுமா?

உடனே பதில் எழுது.

உன்,
கலா