கத்திரிக்கு முன்னால், வீடு கட்டும் ஓனர்களுக்கு ஒரு மடல்

வேலூர், காட்பாடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஓனர்களுக்கு ஒரு மேஸ்திரியின் வணக்கம்.

"என்ன மேஸ்திரி, நாலு நாளா அதே சுவர்லயே நிக்கறீங்க?" சித்திரை பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி வாரத்துக்கு மூன்று தடவையாவது என் காதில் விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் கார் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுத்தான் கேட்பீர்கள். குறை சொல்லவில்லை. ஏசி கார் இருந்தால் நானும் அந்த நேரத்தில் இறங்க மாட்டேன்.

வேலை இழுப்பது உண்மைதான். தை மாசியில் ஒரு நாளில் எழும்புகிற சுவருக்கு இப்போது ஒன்றரை நாள் ஆகிறது. ஆள் சோம்பிவிட்டான் என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு உறைக்கிறது.

வேலூரில் வெயில் சதம் அடித்தது என்று பேப்பரில் போடுவார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸுக்குக் கொஞ்சம் கீழே. அது காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டும் கணக்கு. காங்கிரீட் தளத்துக்கு அடியில் தாங்கலாக அடிக்கும் சென்ட்ரிங் தகட்டின் மேல் நின்று கம்பி கட்டுகிறவனுக்கு நிழலும் கிடையாது, பெட்டியும் கிடையாது. பதினோரு மணிக்கு மேல் 12 எம்எம் கம்பியை வெறுங்கையால் தொட முடியாது. ஈரச் சாக்கைச் சுற்றித் தூக்குகிறோம். நாலு கம்பி தூக்குவதற்குள் சாக்கு காய்ந்துவிடும். மறுபடி நனைக்கக் கீழே இறங்க வேண்டும், ஏற வேண்டும். செங்கல்லும் அப்படித்தான். நன்றாக நனைக்காமல் வைத்தால் கலவையில் இருக்கும் தண்ணீரை அது குடித்துவிடும். கலவையோ சட்டியிலேயே இறுகுகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றி இளக்கிப் பூசினால் வேலை வேகமாக நடக்கும், சுவரின் வலு போய்விடும். எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உடம்பு மட்டும் இல்லை, புத்தியும் மந்தமாகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கத்திரி வெயில், மதியம் இரண்டு மணி இருக்கும். என்னோடு இருபத்தைந்து வருஷமாக வேலை செய்கிற கொத்தனார், ஜன்னல் அடிமட்டத்துக்கு டேப் பிடித்தார். "மூணு அடி" என்று வாயால் சொல்லிக்கொண்டே மூன்றரையில் கோடு போட்டார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். மறுநாள் காலை தலை தெளிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு வரிசை செங்கல்லைப் பெயர்த்தோம். அந்தச் செலவை ஓனரிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், கூலியில் கை வைக்காதீர்கள். காலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை, அப்புறம் மூன்றரையிலிருந்து ஆறரை வரை. கூட்டிப் பாருங்கள், அதே எட்டு மணி நேரம்தான்.

இது என் தலையில் புதிதாக உதித்த யோசனை இல்லை. துபாயில் கொத்து வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர், கேட்டுப் பாருங்கள். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை, மீறினால் கம்பெனிக்கு அபராதம். பக்கத்தில் கேரளாவிலும் கோடையில் தொழிலாளர் துறை உத்தரவு போட்டு, வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குப் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓய்வு கொடுக்கிறது. நம் அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம். நல்லதுதான். ஆனால் அது ஆள் போன பிறகு வரும் பணம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். ஆறரைக்கு சைட்டில் நிற்க வேண்டுமென்றால் மூன்றரைக்கு எழுந்து சோறாக்க வேண்டும். நடுவில் நாலு மணி நேரம் வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது. அதனால் அவர்களை மட்டும் ஏழரைக்கு வரச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். மதியத்தில் படுக்க இடம் வேண்டும். தகர ஷெட் வேண்டாம், அது அடுப்பு. தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போடுங்கள், போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று. எங்கள் சைட்டில் ஒரு அக்கா காலையில் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் சாயந்திரம் முக்கால்வாசி அப்படியே இருக்கும். பானையில் தண்ணீர் இருந்தும் குடிக்க மாட்டார். ஒருநாள் அதட்டிக் கேட்டேன். "குடிச்சா எங்கண்ணே போறது?" என்றார். சுற்றிலும் வீடுகள், ஒரு மறைவு கிடையாது. நாற்பது டிகிரி வெயிலில் மண் சுமக்கிறவர் ஒதுங்க இடமில்லாமல் தாகத்தை அடக்கிக்கொள்கிறார். இத்தனை வருஷம் மேஸ்திரியாக இருந்தும் அதுவரை எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விடிந்ததும் கலவை மெஷினை ஓட்டி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க மாட்டோம். முதல் ஒரு மணி நேரம் செங்கல் நனைப்பது, கம்பி கட்டுவது, தண்ணீர் விடுவது என்று சத்தமில்லாத வேலைதான். ரூஃப் காங்கிரீட் போடும் ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் க்யூரிங், அதாவது போட்ட காங்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைப்பது. இந்த வெயிலில் காங்கிரீட்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும், காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்வதும் அதைத்தான். தண்ணீர் லாரிக் காசைப் பார்த்து ஐந்தாம் நாளே நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். புதிதாக வேலை தொடங்குகிறவர்கள், அஸ்திவாரக் குழி வெட்டும் முன்பே மனையின் மூலையில் ஒரு தற்காலிகக் கழிப்பறை கட்ட அனுமதி கொடுங்கள். மூன்று பக்கம் சுவர், ஒரு கதவு, ஒரு டிரம் தண்ணீர். அதற்கு மட்டும் நான் கூலி வாங்கப் போவதில்லை.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி